அவள் வீட்டைவிடப் பெரிய வீடு

செல்லக்கனி காலையில் கண் விழித்துப் பார்த்தபோது நடுவீட்டுச் சுவர் ஒரு சாண் தெற்கே தள்ளிப் போயிருந்தது. அதற்காக அவள் கத்தவும் இல்லை, சாமியைக் கூப்பிடவும் இல்லை. எழுந்து முடியை அள்ளி முடிந்துகொண்டு, சுவரோரம் புதிதாகக் கிடைத்திருந்த அந்த ஒரு சாண் தரையில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று பார்த்தாள். தரை கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, அடுப்படியில் சுருண்டு கிடந்த பூனையிடம், "ஏ பூனை, இனிமே நீ தாராளமா கால நீட்டிப் படுக்கலாம் கேட்டியா, நம்ம வீடு பெருசாயிட்டு" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு செம்பு கீழே விழுந்து உருண்டது. செல்லக்கனிக்கு அது போதும். அன்றைக்குக் காப்பியில் சீனி போட மறந்ததுகூட அவள் நாக்குக்குத் தெரியவில்லை.

அந்தச் சுவர் முளைத்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். கள்ளித்தேரியில் செம்மணல் பாதி, சண்டை பாதி. அங்கே செல்லக்கனியின் மாமனார் ஒரே வீடாகக் கட்டிவிட்டுச் செத்துப்போனார். அவர் கருமாதிப் பந்தியில் மூத்த மருமகள் செல்லக்கனியின் இலையில் நொறுங்கின அப்பளம் விழுந்தது. அதை இளைய மருமகள் ரூபாவதி நொறுங்கினதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தாள் என்று இவளும், அப்பளம் நொறுங்குவதற்கு நானா பொறுப்பு, பார்த்த கண்ணுதான் பொறுப்பு என்று அவளும் ஆரம்பித்தார்கள். பேச்சு பாயசம் வருவதற்குள் பாத்திரத்துக்கும், மோர் வருவதற்குள் ஆட்டுரலுக்கும், கை கழுவுவதற்குள் வீட்டுக்கும் வந்து, மறு மாசமே நடுக்கூடத்தில் ஒரு சுவராக எழும்பி நின்றுவிட்டது. வடபாதி செல்லக்கனிக்கு, தென்பாதி ரூபாவதிக்கு. கொத்தனார் பூச்சு முடித்துக் கரண்டியைக் கழுவும்போதுதான் செல்லக்கனிக்கு ஒன்று உறைத்தது. கடல்காற்று வருகிற ஒரே ஜன்னல் தென்சுவரில் இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. மின்விசிறி போட்டால் அது ஓட்டுச் சூட்டை இறக்கித் தலையில் கொட்டியது. வாசலில் படுத்தால் செம்மணல் பறந்து வாயில் விழுந்தது. வேர்த்து விறுவிறுத்துப் பாயில் புரளும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ரூபாவதி குளிர்ந்த காற்றில் விடுகிற குறட்டை கேட்கும். அந்தக் குறட்டையில் ஒரு ராகம் இருந்தது, அந்த ராகத்தில் வேண்டுமென்றே ஒரு கேலி இருந்தது என்று செல்லக்கனி எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தாள். எனக்கு அந்த ஜன்னல் வேணும். அவள் நினைப்பெல்லாம் அது ஒன்றுதான்.

ஆனால் கேட்க முடியாது. கள்ளித்தேரியில் ரெண்டு பேர் பேச்சை முறித்துக்கொண்டால், முதலில் பேசினவர் தோற்றவர். கோர்ட்டில் தோற்றால் மேல்கோர்ட்டுக்குப் போகலாம், இதில் தோற்றால் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் எதிராளிக்குச் சொல்ல வேண்டியதை ஆட்டிடமும் கோழியிடமும் அம்மிக்கல்லிடமும் சொல்வது வழக்கம். அண்ணன் தோளில் பாம்பு ஏறியதைப் பார்த்த ஒரு தம்பி, அண்ணனோடு பேச்சு இல்லாததால், எதிரே நின்ற வேப்பமரத்தைப் பார்த்து, "ஏ மரமே, உன் கொப்புல பாம்பு கிடக்கு, நான் பாக்கலன்னு நெனச்சுக்க" என்று நிதானமாகச் சொன்னானாம். அண்ணன் பிழைத்துக்கொண்டான். தம்பியும் தோற்கவில்லை. இரண்டு பேரையும் ஊர் மெச்சியது.

இப்படி இருக்கையில்தான் சமுதாயக் கூடத்தில் ஞானசிகாமணி சார் வந்து இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார். எங்கிருந்தோ ஓய்வு பெற்று வந்த மனிதர். கூடத்தின் பின்னறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று வரப்போகிறது, இங்கிலீஷ் தெரிந்த பெண்களுக்கு நாற்காலி வேலை என்று ஒரு பேச்சு இருந்தது. செல்லக்கனி சேரப்போகிறாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரூபாவதி சேர்ந்தாள். ரூபாவதி சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் செல்லக்கனி சேர்ந்தாள். இரண்டு பேரும் கூடத்தின் இரண்டு மூலையில் உட்கார்ந்து, ஒருத்தி வாய் திறந்தால் மற்றவள் கொட்டாவி விட்டு, ஏபிசிடியைக் கடந்து வந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் சார் அட்ஜெக்டிவைக் கரும்பலகையில் எழுதினார். பிக் என்று எழுதி, பக்கத்தில் பிக்கர் என்று எழுதினார். "ஒண்ண மட்டும் சொன்னா முதல் படி. ரெண்ட எடுத்து ஒண்ணோட ஒண்ணு மோத விட்டா ரெண்டாம் படி. மூணாம் படி அடுத்த மாசம். இப்ப ஒவ்வொருத்தரா போர்டு முன்னால வந்து நின்னு, உங்க வீட்டு விஷயமா ஒரு வாக்கியம் சொல்லுங்க. புஸ்தகத்துல இருக்கிற ராமனையும் கோபாலையும் இழுத்துட்டு வரக்கூடாது" என்றார்.

செல்லக்கனி எழுந்தாள். சேலை முந்தியை இடுப்பில் செருகினாள். பலகை முன்னால் நின்று, கூரையைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில், "மை ஹவுஸ் இஸ் பிக்கர் தென் ஹெர் ஹவுஸ்" என்றாள். 'ஹெர்' என்ற இடத்தில் மட்டும் அவள் பெருவிரல் தென்மூலையைக் காட்டியது.

மறுநாள் காலையில்தான் சுவர் ஒரு சாண் நகர்ந்தது.

அன்று சாயங்காலம் சார் வருவதற்கு முன்பே ரூபாவதி பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதே வாக்கியத்தை, அவள் பங்குக்குப் பெருவிரலை வடமூலைக்குக் காட்டிச் சொன்னாள். மறுநாள் விடிந்தபோது சுவர் பழைய இடத்தையும் தாண்டி வடக்கே வந்து, செல்லக்கனியின் பாயில் பாதியைத் தின்றுவிட்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கோழியிடம் பேசியது. "ஏ கோழி, வேர்த்து நாறுற வீட்டுப் பக்கம் மேயப் போவாத. அங்க இடமும் கம்மி, குணமும் கம்மி."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ரொம்ப சுலபமாக எடுத்துக்கொண்டது. சர்வேயர் வந்தார். சங்கிலியைப் போட்டு அளந்தார். இளநீர் குடித்தார். சுவர் நகர்ந்தது உண்மைதான், ஆனால் நகர்ந்த சுவரை நகர்ந்த இடத்திலிருந்துதான் அளக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீக்கடை பெஞ்சில் புருஷன்மார் இருவரும், மூத்தவன் தவசிமணியும் இளையவன் பாக்கியமணியும், வழக்கம்போல ஒரே தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பிக்குள் ஒரு பகையும் கிடையாது. வீட்டுக்குள் போனால்தான் ஒருவரை ஒருவர் தெரியாது.

"ஒங்க பக்கம் இன்னைக்கு எப்படிண்ணே?"

"கட்டிலு போடலாம். ஒங்க பக்கம்?"

"மைசூர்பாகு மாதிரி நீட்டமா இருக்கு. நிமிர்ந்து நடக்கலாம், திரும்ப முடியாது."

"ஏன்வே, நாம தமிழ்ல காலங்காலமா அவனைவிட நான் பெரியவன், இவளைவிட அவ நல்லவன்னு பேசிட்டுத்தானே இருக்கோம்? ஒரு செங்கல்லும் அசையலையே?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"பேசிப்பேசி அதுல சூடு போச்சு. இங்கிலீஷ் புதுசுல்லா. இன்னும் கூர் மழுங்கல" என்றான் தவசிமணி. ஊர் அந்த விளக்கத்தோடு திருப்தி அடைந்து, காரணத்தை அதற்கு மேல் தோண்டவில்லை. வேலை நிறைய இருந்தது. எல்லாருக்கும் அடுத்த வீடு என்று ஒன்று இருந்தது.

வகுப்பில் ஆள் கொள்ளவில்லை. பலகை முன்னால் நின்று காலை ஊன்றி வாயால் சொன்னால் நடக்கும், உட்கார்ந்து சொன்னால் நடக்காது என்று கண்டுபிடித்தார்கள். ஒருத்தருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும் என்றும் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்தபோது அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். தனக்குக் கூடுவதைவிட மற்றவருக்குக் குறைவது அல்லவா ருசி. மேலத்தெருக்காரன் ஒருவன் டாலர் என்று சொல்லிவிட்டுப் போக, கீழத்தெருவில் அவன் பங்காளி உயரம் குறைந்து, வேட்டி தரையில் புரளப் புரள நடந்து வந்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் மறுத்துவிட்டார்கள் என்று ஒருத்தி ஃபேரர் என்று சொல்லப்போய், அவள் தோல் சுண்ணாம்பாக வெளுத்து, கள்ளித்தேரி வெயிலில் கொப்பளித்து, பகலெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் மாமன் மகள் கரிய நிறம் பெற்று, எண்ணெய் தேய்த்த கருங்கல் சிலைபோல் ஜொலித்து, வந்த முதல் மாப்பிள்ளையைத் தட்டிக்கொண்டு போனாள். பியூட்டிஃபுல் என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் முழுசாக நுழையாததால், ஊரில் அழகு அப்படியே சேதமில்லாமல் இருந்தது.

அட்வெர்ப் வந்தபோது இன்னும் மோசமாயிற்று. பொருளோடு நின்றது செய்கைக்கும் பரவியது. பச்சை பஸ் கண்டக்டர், எங்க பஸ் ஃபாஸ்டராக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மஞ்சள் பஸ் நத்தையாக ஊர்ந்தது. ஏறினவர்கள் வழியில் இறங்கி, டீ குடித்து, ஒரு வாய் வெற்றிலை போட்டுவிட்டு நடந்து வந்து அதே பஸ்ஸில் மறுபடி ஏறிக்கொண்டார்கள். பிரசவத்துக்கென்று டவுன் ஆஸ்பத்திரிக்கு மஞ்சள் பஸ் ஏறின ஒருத்தி, அங்கே போய் இறங்கும்போது பிள்ளை அவளுக்கு முன்னால் இறங்கி நடந்தது. ஒரு சமையல்காரர் இன்னொருவரைவிட நான் பெட்டராகச் சமைக்கிறேன் என்று சொன்ன மறுநாள், அந்த இன்னொருவர் கல்யாண வீட்டில் கொதிக்க வைத்த சாம்பார் ஜனங்கள் கண்முன்னே பாத்திரம் கழுவின தண்ணீராக மாறி, முருங்கைக்காய் மட்டும் வெட்கத்தோடு மிதந்தது. ரூபாவதி ஒருநாள், ஹெர்ரைவிட ஐ ஸ்லீப் மோர் சௌண்ட்லி என்று கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணிச் சொன்னாள். மறுநாள் பின்மதியம் கண்ணயர்ந்த செல்லக்கனிக்கு இருந்த கோழித் தூக்கமும் போயிற்று.

அதோடு அவளுக்குப் பொறுமை போயிற்று. கண் சிவந்து, முகம் வீங்கி, தினமும் சாயங்காலம் போய் பிக்கர், பிக்கர் என்று சுவரைத் தெற்கே தள்ளினாள். கணக்குப்படி சுவர் போய் தென்சுவரில் முட்டினால் ஜன்னல் அவளுக்கு வர வேண்டும். ஆனால் இவள் சுவர் ஒரு சாண் நெருங்கினால், ஜன்னல் வைத்த தென்சுவர் ஒரு விரற்கடை பின்வாங்கிக்கொண்டது. அந்தப் பாதி ஒடுங்கியதே தவிர அழியவில்லை, ஜன்னல் சிறுத்ததே தவிர வரவில்லை. சிறுத்த ஜன்னலில் காற்று முன்னைவிட வேகமாக விசிலடித்தது. ரூபாவதி பக்கவாட்டில் படுத்து அந்தக் காற்றை வாங்கினாள்.

கடைசியில் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் வைகுண்டமணி அண்ணாச்சி தலையிட்டார். அவருக்கு ஊர் நியாயத்தில் அக்கறை ஒன்றுமில்லை. அவர் மீசையை யாரோ தின்னர் என்று சொல்லி நூலாக மெலிய வைத்துவிட்டார்கள், அதனால் வகுப்பையே நிறுத்தப் பார்த்தார். இரண்டு பெண்களையும் கூடத்துக்கு வரவழைத்தார். ஊரே வந்து நின்றது.

"இந்தாங்கம்மா. நம்ம சாரு சொல்லுதாரு, அஸ் பிக் அஸ்னு ஒண்ணு இருக்காம். இதுவும் அதுவும் சமம்னு அர்த்தம். ரெண்டு பேரும் போர்டு முன்னால ஒண்ணா நின்னு, நான் கைய தட்டுனதும் ஒரே நேரத்துல சொல்லிருங்க. யாரும் யார்கிட்டயும் பேசுன மாதிரி ஆவாது. ரெண்டு வீடும் சமம். அதோட முடிஞ்சுது."

"அண்ணாச்சி, எனக்குச் சம்மதம். ஆனா இந்தக் கரும்பலகைகிட்ட ஒண்ணு கேக்கணும். பலகையே, சில பேரு வாயில தேனும் வயித்துல தேளும் வச்சிருப்பா, அவளையெல்லாம் நம்பலாமா?" என்றாள் செல்லக்கனி.

ரூபாவதி சாக்பீஸ் டப்பாவைப் பார்த்துப் பேசினாள். "சாக்பீஸே, நீயாவது சொல்லு. அப்பளத்துக்கு அழுதவளுக்கு ஆகாசத்தையே குடுத்தாலும் போதுமா?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்கம்மா! தட்டப்போறேன்!" என்று அண்ணாச்சி கையைத் தட்டினார்.

ஒருத்தி சமம் என்று சொல்லி மற்றவள் பிக்கர் என்று சொல்லிவிட்டால்? சமம் சொன்னவள் ஏமாந்தவள் ஆகிவிடுவாள். அந்தப் பயம் செல்லக்கனிக்கு வந்த அதே கணத்தில் ரூபாவதிக்கும் வந்தது. இரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்து, ஒரே குரலாக, "பிக்கர்!" என்றன. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு வார்த்தையும் ஒன்றாகக் கிளம்பிப் போய் வீட்டில் இறங்கியதில், பாவப்பட்ட அந்தச் சுவர் மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் வடக்கே ஓடி, தெற்கே ஓடி, கயிறு அறுத்த காளைபோல மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. தொட்டுப் பார்த்தவர்கள் சுவர் சுட்டதாகச் சொன்னார்கள். பார்க்க வந்த ஜனத்தில் ஒருவருடைய ஆட்டுக்குட்டி நசுங்கியது. அது யார் வீட்டுப் பக்கம் நசுங்கியது என்று ஒரு தனிச் சண்டை நடந்தது.

அதற்கு அடுத்த நாள் மதியம் டவுன் ஜவுளிக்கடை விளம்பர ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியோடு கள்ளித்தேரித் தெருவில் வந்தது. பட்டுக்கு இவ்வளவு, பாலியெஸ்டருக்கு இவ்வளவு என்று கத்திக்கொண்டே வந்த அந்த ஆட்டோ, "மாவட்டத்திலேயே பிக்கஸ்ட்! பிக்கஸ்ட்! பிக்கஸ்ட் ஆடித் தள்ளுபடி!" என்று மூன்று தரம் அலறியது. புழுக்கத்தில் விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி விசிறியை நிறுத்தினாள். அடுத்த மாசம் என்று சார் சொன்ன மூணாம் படி ஆட்டோ ஏறித் தன் வாசலுக்கே வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. செருப்புக்கூடப் போடாமல், சுடுமணலில் ஓட்டமும் நடையுமாகச் சமுதாயக் கூடத்துக்குப் போனாள். சார் பின்னறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

செல்லக்கனி பலகை முன்னால் நின்றாள். கண்ணை மூடினாள். எட்டுத் திசையிலும் ரூபாவதி வீடே இல்லாமல் போக வேண்டும், அவள் ஜன்னல் என் தலைமாட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "மை ஹவுஸ் இஸ் தி பிக்கஸ்ட் ஹவுஸ் இன் கள்ளித்தேரி" என்றாள்.

இந்த முறை விடியும்வரை காத்திருக்கவில்லை. சொல்லிவிட்டு அவள் வாசலுக்கு வந்து படியிறங்கி மணலில் கால் வைத்ததுதான் தாமதம், பின்னால் சமுதாயக் கூடம் இறுக்கமான சட்டைபோல் சுருங்கத் தொடங்கியது. சார் குடியிருந்ததால் அதுவும் வீடு என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது. அவர் புளிக் கையோடு ஜன்னல் வழியாக வெளியே பிதுங்கி விழுந்தார். தெரு முழுக்க அதே கதை. பானையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, தொட்டிலோடு ஒருத்தி, பாதி சவரம் பண்ணின முகத்தோடு ஒருவன் என்று ஜனங்கள் சுருங்குகிற கதவுகளிலிருந்து உருவிக்கொண்டு வந்தார்கள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் மாடி வீடு மரப்பெட்டி அளவிலும், ஓட்டு வீடு அரிசிக் கூடை அளவிலும் நின்றன. சமுதாயக் கூடம் சோற்றுப் பானை உயரத்துக்கு வந்துவிட்டது. உள்ளே கரும்பலகை சிலேட்டுச் சில்லாகக் கிடந்தது. அதன் முன்னால் இனி எறும்புதான் காலூன்றி நிற்க முடியும். எறும்புக்கு இங்கிலீஷ் தெரியாது.

ஊரின் நடுவே ஒரே ஒரு வீடு நின்றது. அதன் ஓட்டு முகட்டைப் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டியிருந்தது. முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு நடந்தால் இடையில் ஒருதரம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

செல்லக்கனி உள்ளே ஓடினாள், தெற்கே, தெற்கே என்று கூடம் கூடமாக ஓடினாள். தென்சுவர் வந்தது. மொட்டைச் சுவர். ஜன்னல் இல்லை. பக்கக் கதவு வழியாக வெளியே வந்து பார்த்தாள். அவள் வீட்டுத் தென்சுவரின் அடியில், மாட்டு வயிற்றில் ஒட்டின உண்ணிபோல, கோழிக்கூடு அளவில் ஒரு வீடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாசல் இருந்தது, வாசலில் கோலம் இருந்தது, கோலம் ரூபாவதி போட்டது. அதன் தென்பக்கம், உள்ளங்கை அகலத்தில், அதே ஜன்னல். கடல்காற்று மொத்தமும் வந்து அந்த ஓட்டைக்குள் நுழைந்து ஊதுகுழல்போல் பாடிக்கொண்டிருந்தது.

அவள் அங்கே நிற்கும்போதே ஊர் அரிவாளோடு வந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். அடுத்த கதவையும் தாழிட்டாள். ஆனால் அந்த வீட்டுக்கு இப்போது அவளால் ஓடி முடிக்க முடியாத அளவு கதவுகள் இருந்தன. பிரசிடெண்ட் அண்ணாச்சி வடகிழக்கு மூலையில் ஒரு கதவைத் தள்ளித் திறந்து, கையில் அரிவாளும் தலையில் பாயுமாக உள்ளே வந்தார்.

"வெட்டுறதுக்குத்தான் வந்தோம் தாயி. ஆனா வெட்டிட்டு எங்க போய்ப் படுக்கன்னு யோசிச்சோம். அரிவாள எங்க வைக்க?"

ஊர் குடியேறியது. யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவில்லை. மேலத்தெரு மேலக்கூடத்திலும், கீழத்தெரு கீழக்கூடத்திலும் பாய் விரித்தன. பகையாளிகள் நடுவே சேலையைத் திரை கட்டிக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் வீடு முழுக்கச் சேலைத் திரைகளாகி, காற்றில்லாத புழுக்கத்தில் அவை அசையாமல் தொங்கின. ஆடுகள் பூஜையறையில் கட்டப்பட்டன. டீக்கடை அடுப்படிக்கு வந்தது. தவசிமணியும் பாக்கியமணியும் நடுக்கூடத்தில் பகிரங்கமாகவே ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஞானசிகாமணி சார் மாடிப்படியில் உட்கார்ந்து, "அடுத்தது டென்ஸ்" என்றார், ஒருவரும் திரும்பவில்லை.

"இது என்ன வீடா, சூளையா? இவ்வளவு பெருசாக் கட்டத் தெரிஞ்சவளுக்கு ஒரு ஜன்னல் வைக்கத் தெரியல பாரேன்" என்று ஒருத்தி குறை சொன்னாள்.

"அவளா கட்டுனா? ஆட்டோக்காரன் கட்டுனான்" என்றாள் இன்னொருத்தி.

செல்லக்கனியின் படுக்கைக்கு அடுத்த இடத்தில், நடுவில் ஒரு திரைகூட இல்லாமல், ரூபாவதி பாய் விரித்தாள். வேறு இடம் இல்லை என்று ஊர் சொல்லிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குறட்டை இப்போது காதுக்குள் கேட்டது. புரண்டால் அவள் வளையல் இவள் முதுகில் பட்டது. விழித்திருக்கும் நேரமெல்லாம் ரூபாவதி கூரையில் ஓடிய பல்லியிடம் பேசினாள்.

"பல்லியே, நல்லா ஓடு. பெரிய வீட்டுக்காரி, ஒண்ணும் சொல்ல மாட்டா. மாவட்டத்துலயே பெரிய வீடு. காத்துதான் ஒரு சொட்டு இல்ல."

செல்லக்கனி வேர்த்தாள். ஊர் முழுக்க அவள் வீட்டில் வேர்த்தது, அந்த ஆவியெல்லாம் அவள் மேலேயே வந்து படிந்தது. ஒருநாள் உச்சிப் பொழுதில், எல்லாரும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது, பந்தியிலிருந்து எழுந்தாள். பக்கக் கதவைத் திறந்து வெளியே போனாள். கோழிக்கூடு அளவு வீட்டின் முன்னால் மண்டியிட்டு, அந்தக் கோலத்தை முழங்காலால் அழித்து, தலையை முதலில் விட்டாள். தோள் சிக்கியது. மூச்சை வெளியே விட்டு, உடம்பை ஒடுக்கி, சேலை கிழியக் கிழிய உள்ளே புகுந்தாள். முழங்கால் நாடியில் இடித்தது. முதுகு கூரையைத் தொட்டது. காலால் கதவை இழுத்துச் சாத்தி, குண்டூசி அளவுத் தாழ்ப்பாளை நகத்தால் போட்டாள். பிறகு முகத்தைத் திருப்பினாள்.

ஜன்னல் அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

காற்று வந்தது. கடலின் உப்பும் குளிர்ச்சியும் ஒன்றாக, நெற்றியில், கண்ணிமையில், கழுத்து மடிப்பில், இத்தனை வருஷத்து வேர்வையெல்லாம் ஒவ்வொரு துளியாக உலர உலர வந்தது. ஸ்லீப் மோர் சௌண்ட்லியெல்லாம் அந்தக் காற்று முன்னால் எந்த மூலைக்கு. செல்லக்கனி வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். குறட்டை விட்டாள். கிணற்றுக்கு வந்தவர்கள், ரூபாவதி வீடு குறட்டை விடுகிறது என்று போய்ச் சொன்னார்கள்.

ரூபாவதி வந்தாள். பின்னாலேயே ஊர் சோற்றுக் கையோடு வந்தது. தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள், தாழ் போட்டிருந்தது. குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள், உள்ளே முழுக்க செல்லக்கனியாக இருந்தது. வெளியே வா என்று சொல்ல வாயெடுத்தாள், சொன்னால் தோல்வி. சுற்றிலும் பார்த்தாள், ஜாடை பேச ஒரு கோழிகூட இல்லை. கோழியெல்லாம் பந்தியில் இருந்தன. ஊர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ரூபாவதி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சேலையைக் கொசுவி, நிதானமாக, அந்த ஜன்னலை ஒட்டி முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

காற்று நின்றது.

உள்ளே செல்லக்கனி விழித்தாள். இருட்டு. முகத்துக்கு நேரே ரவிக்கைத் துணியும், அதற்குள் அடங்காத முதுகுச் சதையும். யார் முதுகு என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தள்ள இடமில்லை, கத்த முடியாது. கத்தினால் பேசின மாதிரி. உடம்பில் அவளால் அசைக்க முடிந்தது வலது கையின் இரண்டு விரல்கள்தான். அந்த இரண்டு விரலும் மெல்ல மெல்ல ஊர்ந்து போய், தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைத் தேடிப் பிடித்து, கழற்றி, திறந்து, ஜன்னலுக்குக் கொண்டுவந்தன. ஆழம் பார்த்து ஒரு குத்து.

"யக்கோவ்!"

ரூபாவதி துள்ளிக்கொண்டு எழுந்தாள். எழுந்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள், ஆனால் ஊர் கேட்டுவிட்டது.

"பேசிட்டா! ரூபாவதி முதல்ல பேசிட்டா!"

"அது எப்படிவே பேச்சாவும்? வலியில கத்துறது பேச்சா?"

"கத்துனா ஐயோன்னு கத்தணும், அம்மான்னு கத்தணும். அவ யக்கான்னுல்லா கூப்பிட்டா! மூத்தவள முறை சொல்லிக் கூப்பிட்டுட்டா!"

"குத்துனவ முதல்ல பேசுனாளா, கத்துனவ முதல்ல பேசுனாளா? ஊக்கும் ஒரு பேச்சுதான் ஓய்!"

பிரசிடெண்ட் அண்ணாச்சி சோற்றுக் கையை உதறிவிட்டு வாயைத் திறந்தார், அவர் குரல் எடுபடவில்லை. மேலத்தெரு ஒரு பக்கமும் கீழத்தெரு ஒரு பக்கமும் பிரிந்து நின்றன. அண்ணன் தவசிமணியும் தம்பி பாக்கியமணியும் முதன்முறையாக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். ரூபாவதி பொத்திய கையை எடுக்காமல், முதுகைத் தேய்த்துக்கொள்ளவும் முடியாமல், நடுவில் நின்றாள். பொழுது சாய்ந்து, மறுபடி விடிந்து, அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வளவு சத்தத்திலும் கோழிக்கூடு அளவு அந்த வீட்டுக்குள்ளிருந்து குறட்டை மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு ராகம் இருந்தது.